கண் வரைந்த கொக்கு

நல்லூர், திருப்பூர்,
திங்கட்கிழமை.

அன்புள்ள மெஹ்ஜபின்,

நேற்று உன் வீட்டில் உன் அத்தாவிடம் நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். “மாமா, அது டூப்ளிகேட் இல்லை. உங்கள் மகளின் பனியன்.” இவ்வளவுதான். வாய் வரை வந்தது. அந்த நேரம் பார்த்து உன் அம்மா என் தட்டில் இன்னொரு கரண்டி பிரியாணி வைத்தார். நான் குனிந்து சாப்பிட ஆரம்பித்தேன்.

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும். அதைக் கடைசியில் கேட்கிறேன். போனில் கேட்டால் நீ சொல்லும் பதில் எனக்கு மனப்பாடம். “சூப்பரா இருக்கேன்டி” என்பாய், பின்னாலேயே ஒரு சிரிப்பு. தாளில் கேட்டால் அப்படிச் சிரித்துத் தப்பிக்க முடியாது. அதற்காகத்தான் இத்தனை வருடம் கழித்துப் பேனாவை எடுத்திருக்கிறேன்.

நம் பாட்டுக் குழுக் கிழவர்களின் வீடியோ வந்துவிட்டது. அக்டோபரில் அங்கே இங்கிலாந்தில் நடந்த கச்சேரியை முழுவதுமாகப் படம் பிடித்து, அழகான பெட்டியில் போட்டு டிஸ்க்காக விற்கிறார்கள். பதினெட்டு வருடம் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் இருந்துவிட்டு, எழுபதை நெருங்கும் வயதில் நான்கு பேரும் மறுபடி ஒரே மேடையில் ஏறிய கச்சேரி. பனியன் தைத்துக் கொடுத்த கம்பெனி என்ற மரியாதைக்கு, ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுப் பையர் எங்கள் ஆபீஸுக்கு ஒரு பெட்டி அனுப்பியிருந்தார். மேனேஜர் பிரித்துப் பார்த்துவிட்டு, “இதையெல்லாம் இன்னும் எவன் பாக்கறான்? ஆஷா, நீயே வெச்சுக்கோ” என்று என் மேசைக்குத் தள்ளினார்.

நான் பேசாமல் வீட்டுக்கு எடுத்துப்போயிருக்கலாம். ஒரு பிரிண்ட் விஷயமாக உன் அத்தாவின் பிரிண்டிங் யூனிட்டுக்குப் போனபோது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், மாமா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “கொக்கு பிரிண்டு அடிச்சது நாம. அந்தக் கூட்டத்துல நம்ம புள்ள நின்னுருக்குது. நம்மூட்லதான் பாக்கோணும் கண்ணு. ஞாயித்துக்கெழம பிரியாணி, வந்துரு” என்றார். அந்தக் குழுவின் பெயர் இன்னும் மாமாவுக்கு வாயில் நுழையவில்லை. பனியனில் அவர்களின் கொக்குச் சின்னம் இருப்பதால், யூனிட்டில் எல்லோருக்கும் அது கொக்கு ஆர்டர், கொக்கு பார்ட்டி, கொக்கு பனியன்தான்.

பார்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. டிஸ்க் போடும் பெட்டி உங்கள் வீட்டில் இல்லை, எங்கள் வீட்டில் இல்லை. நம்மூர் ராயபுரம் முழுக்க அலைந்து உன் தம்பி ஆதிப் ஒன்றைக் கொண்டுவந்தால், இந்த டிஸ்க் இந்த நாட்டில் ஓடாது என்று திரையில் எழுத்து வருகிறது. கல்யாண வீடியோ எடுக்கும் தீனதயாளனிடம் கொடுத்து, ஓடும்படி மாற்றி வாங்கினோம். அவர் வழக்கப்படி முதலில் ரோஜாப்பூ விரிவது மாதிரி ஒரு துண்டைச் சேர்த்துவிட்டார். ரோஜா விரிந்து, அதற்குள்ளிருந்து நம் கிழவர்கள் கிட்டாரோடு வந்தார்கள். நீ இருந்திருந்தால் புரண்டு புரண்டு சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிளக் நீட்டும் ஒயர் எடுக்க உன் அறைக்குப் போனேன். கதவு பாதிதான் திறந்தது. பனியன் பெட்டிகளைக் கூரைவரை அடுக்கியிருக்கிறார்கள். உன் கட்டில் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. “அவ இனி அங்கயே செட்டில் ஆயிருவா, ரூமு எதுக்குச் சும்மா கெடக்கோணும்” என்றார் மாமா. பெருமையாகத்தான் சொன்னார்.

நாங்கள் நான்கு பேர்: உன் அத்தா, அம்மா, ஆதிப், நான். ரிமோட் மாமாவின் கையில். மெஹ்ஜபின், நான் எத்தனை மாதம் காத்திருந்தேன் என்று உனக்குத் தெரியும். அந்தக் கச்சேரியிலிருந்து ஒரு பாட்டைக்கூட நேற்று முழுதாகக் கேட்கவில்லை. கூட்டத்தில் யாராவது கொக்கு பனியனோடு தெரிந்தால் போதும், படம் நின்றுவிடும். மாமா எழுந்துபோய் டிவியில் விரலை வைத்து, “பாரு கண்ணு, தோள்பட்டைல ஏறி உக்காந்துருக்கான், அப்பவும் பிரிண்டுல ஒரு வெடிப்பு உண்டா? எத்தன தொவப்பு தொவச்சிருப்பான்?” என்பார். மறுபடி ஓடும். மறுபடி நிற்கும். ஆதிப்புக்கு வேறு கவலை. கருப்புத் துணி வெளுத்திருப்பது சாயத்தின் தப்பா, மேடை விளக்கா என்று அவன் தனியாக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான். ரயிலைத் தவறவிட்டவனைப் பற்றிய அந்த மெதுவான பாட்டு, நாம் ஒரே இயர்போனை ஆளுக்கு ஒரு காதில் மாட்டிக்கொண்டு, டேபிளில் பிரிண்ட் காயும்வரை கேட்டுக்கொண்டிருப்போமே, அது வந்தபோது “மாமா, இது ஒண்ணு மட்டும் நிறுத்தாம ஓடட்டுமே” என்று கெஞ்சிக் கேட்டேன். “ஓடட்டும் ஓடட்டும், உனக்கில்லாததா” என்றவர், இரண்டாவது வரியிலேயே, “இந்தா, எக்ஸ்எல் சைஸு!” என்று நிறுத்திவிட்டார்.

உன் அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு டிவிக்கு ஒட்டினாற்போல் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பனியனும் வேண்டாம், பாட்டும் வேண்டாம். முக்காடு போட்ட தலை ஒன்று தெரிந்தால் போதும், “இதா? இதா நம்ம புள்ள?” வலது பக்கம் முன்வரிசையில் நின்றேன் என்று நீ சொன்னதால் வலது ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கச்சேரியன்று நீ அனுப்பிய குரல் பதிவை அவர் இன்னும் போனில் வைத்திருக்கிறார், வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டுகிறார். நேற்றும் ஆரம்பத்தில் போட்டார். “கடைசியில டிரம்ஸ் தாத்தா எழுந்து வந்து நடுமேடையில நின்னு கும்புட்டாரும்மா, நான் அழுதுட்டேன்.”

டிரம்ஸ் தாத்தா எழுந்து நிற்கவில்லை, மெஹ்ஜபின். சக்கர நாற்காலியில் வைத்து இரண்டு பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள், அதே நாற்காலியில் திரும்பிப் போனார். மேடைக்கு எவ்வளவு தூரத்தில் நின்றவர்களுக்கும் அது தெரியாமல் இருந்திருக்காது. அதை மாமா கவனிக்கவில்லை. அவர் தாத்தாவின் பனியனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீ கச்சேரிக்குப் போகவில்லை என்று முடிவுகட்ட எனக்கு அது தேவைப்படவில்லை. ஏனென்றால் அதற்கு முன்னாலேயே முடிவுகட்டிவிட்டேன். பாதிக் கச்சேரியில் காமிரா கூட்டத்துக்குள் இறங்கியது. நரைத்த தாடிக்காரர் ஒருவர், கண்ணை மூடிக்கொண்டு, அழுதபடி கூடவே பாடிக்கொண்டிருந்தார். எம் சைஸ் பனியன் அவர் வயிற்றில் ஏறி நின்றது. கழுத்துப் பட்டி அரக்கு நிறம். மார்பில் நம் கொக்கு. அதன் கண் மஞ்சளாக இல்லை. ஆரஞ்சு நிறத்தில், கொஞ்சம் பெரிதாக, வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

உனக்கு நினைவிருக்கும், ஆனாலும் எழுதுகிறேன். போன பெருநாளுக்கு நீ ஊருக்கு வந்திருந்தாய். இந்த ஆர்டரின் முதல் பீஸை நானே அடிக்கிறேன் என்று அடம்பிடித்தாய். மாமாவும் ஆதிப்பும் மூலனூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். கருப்புக் கழுத்துப் பட்டி சாயப்பட்டறையிலிருந்து வந்திருக்கவில்லை, கிடந்த அரக்குத் துண்டில் தைத்தோம். அடித்து முடித்துப் பார்த்தால் கொக்குக்குக் கண் இல்லை! கண்ணுக்கான மஞ்சள் ஸ்கிரீனைப் போடவே மறந்திருக்கிறாய். நீ தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாய். பிரிண்டிங் மாஸ்டர் பொன்னுச்சாமி அண்ணன்தான், “சாமிக்கே கடசீலதானுங்க கண்ணு தொறப்பாங்க, கொக்குக்கு என்னுங்க அவசரம்” என்றார். நீ உடனே சாயத்தைக் குழைத்து, தீக்குச்சியால் கண்ணை வரைந்தாய். குழைத்ததில் சிவப்பு கூடிவிட்டது. கை நடுங்கியதில் கருவிழி மேலே ஏறிவிட்டது. “இது ஊருக்குப் போற கொக்குடி, அதான் மேல பாக்குது” என்றாய். உலகத்திலேயே அப்படி ஒரு பனியன் ஒன்றுதான். அதைப் போட்டுக்கொண்டு கச்சேரிக்குப் போவேன், காமிராவில் நீ என்னைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று சொன்னதும் நீதான்.

கண்டுபிடித்துவிட்டேன். யாரோ ஒரு தாடிக்காரர்.

அந்த இடத்தில் உன் அம்மா பாதி எழுந்து, “இந்தா, நம்ம...” என்றார். ஆதிப் உடனே, “ஏம்மா, அக்காவுக்குத் தாடி மொளைச்சிருச்சா?” என்றான். மாமா சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். அம்மா உட்கார்ந்துகொண்டார். அதற்குள் மாமாவுக்கு முகம் மாறிவிட்டது. படத்தை நிறுத்தினார். பின்னால் ஓட்டினார். மறுபடி நிறுத்தினார். “கழுத்தப் பாரு. நாம குடுத்தது பூராம் கருப்பு. இது அரக்கு. கண்ணு வேற கோணலு. டூப்ளிகேட்டுடா இது! எவனோ நம்ம கொக்கக் காப்பியடிச்சு அந்த ஊருல விக்கறான்!”

பனியன் விஷயத்தில் உன் அத்தாவின் கண்ணை ஏமாற்ற முடியாது என்று ஊரே சொல்லும். எல்லாவற்றையும் சரியாகத்தான் பார்த்தார். கழுத்து, கண், நிறம், எதையும் விடவில்லை. மகள் கையால் வரைந்ததைப் போலி என்று முடிவு செய்தார். “நாளைக்கே பையருக்கு மெயில் போடு கண்ணு, இவனச் சும்மா உடக்கூடாது” என்று என்னிடம் உத்தரவு. போனில் அந்தத் தாடிக்காரரை நாலு கோணத்தில் படம் பிடித்துக்கொண்டார். “மெஹ்ஜபின் அங்கதான இருக்குது, அதுக்கும் அனுப்பறேன். எந்தக் கடையில விக்கறான்னு நேர்ல போய்ப் பாத்துரட்டும்.” அந்த நேரத்தில்தான் நான் வாயைத் திறந்தேன், அம்மா பிரியாணி வைத்தார். அதற்கப்புறம் அவர் டிவிக்கு அருகில் போகவே இல்லை. கச்சேரி முடியும்வரை அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். கால் வலிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் எங்கள் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஏட்டி, பாட்டுக் கச்சேரி பாக்கப் போனியா, எழவு வீட்டுக்குப் போனியா?” என்றாள். தெற்கத்திக்காரிக்குச் சுற்றிவளைத்துக் கேட்கத் தெரியாது. எனக்கும் உன்னிடம் அப்படிக் கேட்டிருக்கத் தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இப்போது கேட்கிறேன். நீ டிசைன் ஸ்டுடியோவில் வேலை செய்வதாகச் சொல்கிறாய். சில மாதங்களாக உன்னோடு பேசும்போது பின்னால் ஒரு சத்தம் கேட்கிறது. சர்ர்ரென்று நீளமாக இழுத்து, டக்கென்று அறுகிற சத்தம். நான் பேக்கிங் பகுதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவள், மெஹ்ஜபின். அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டும் சத்தம் எனக்குத் தெரியாதா? டிசைன் ஸ்டுடியோவில் நாள் முழுக்க யார் டேப் ஒட்டுகிறார்கள்? காமிரா கெட்டுவிட்டது என்று சொல்லி முகத்தைக் காட்டுவதை நிறுத்தினாய். முறுக்கு அனுப்பட்டுமா என்றால், இப்போது வேண்டாம், வீடு மாறலாம் என்று இருக்கிறேன் என்கிறாய். எத்தனை மாதமாக மாறலாம் என்று இருப்பாய்?

எனக்குக் கோபம் நீ டேப் ஒட்டுகிறாய் என்பதில் இல்லை. இந்த ஊரே டேப் ஒட்டித்தான் சாப்பிடுகிறது. என் அப்பா இந்த ஊருக்கு வந்து செய்த முதல் வேலை அதுதான். கோபம் வேறு. சூப்பராக இருக்கிறேன் என்று நீ சொல்லச் சொல்ல, இங்கே உன் அறையில் பெட்டி ஏறிக்கொண்டே போகிறது. நீ திரும்பி வருவதற்கு இடம் வேண்டும் என்று யாருக்கும் தோன்றாதபடி நீயே செய்துவிட்டாய். இரண்டு மாதம் முன்பு, “ஊருக்கு வந்தா எல்லாரும் என்னடி சொல்வாங்க?” என்று கேட்டாய். நான் விளையாட்டாக, “வாடி இங்கிலாந்து ராணின்னு சொல்வாங்க” என்றேன். நீ சிரித்தாய். அந்தக் கேள்வி எதற்காக வந்தது என்று எனக்கு நேற்றுதான் புரிந்தது. புரிந்ததிலிருந்து எதையாவது போட்டு உடைக்கலாம் போலிருக்கிறது.

பனியனைக் கொடுத்துவிட்டாயா, டிக்கெட்டோடு சேர்த்து விற்றாயா, எதுவும் எனக்குத் தெரிய வேண்டாம். ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்தத் தாடிக்காரர் அதை ஆசையாகப் போட்டிருந்தார். அதில் மட்டும் எனக்குக் குறை இல்லை.

இன்னொன்றும் கவனித்தேன். எல்லோரும் கிழவர்கள் ஒன்று சேர்ந்துவிட்டார்கள் என்று கொண்டாடுகிறார்கள். பாடுகிறவரும் கிட்டார்காரரும் கச்சேரி முழுவதும் ஒரு முறைகூட ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. பாட்டு பிசகவில்லை, கூட்டம் அழுதது, எல்லாம் சரியாக நடந்தது. பார்க்கவில்லை, அவ்வளவுதான். நாமும் அந்த மாதிரி ஆகிவிட்டோமோ என்று பயமாக இருக்கிறது. வாரம் தவறாமல் பேசுகிறோம். நீ ஒன்றும் சொல்வதில்லை, நான் ஒன்றும் கேட்பதில்லை, பேச்சு மட்டும் பிசகாமல் போகிறது.

மாமா கேட்ட மெயிலை நான் இன்னும் போடவில்லை. சர்வர் வேலை செய்யவில்லை என்று காலையில் பொய் சொன்னேன். நாளைக்கும் அதையே சொல்ல முடியாது. நான் பையருக்கு எழுதினால், இல்லாத டூப்ளிகேட்காரனைத் தேடுவார்கள். எழுதாவிட்டால் மாமா ஆபீஸுக்கே வந்து நிற்பார். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்வரை எதையாவது சொல்லி இழுத்தடிக்கிறேன், வந்ததும் நீ சொல்லிவிடு. உன் அம்மாவிடம் சொன்னாலும் சரி, அத்தாவிடம் சொன்னாலும் சரி. என்னிடம் மட்டும் சொல்லி, அவர்களிடம் மறைக்கச் சொல்லாதே. இன்னொரு ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் உட்கார்ந்து என்னால் பிரியாணி சாப்பிட முடியாது.

இப்போது கேட்கிறேன். நலமா? சாப்பிடுகிறாயா? குளிருக்குப் போட்டுக்கொள்ள ஏதாவது இருக்கிறதா? அங்கேயே இருந்து சமாளிக்க உனக்குத் தெம்பு இருந்தால் இரு, ஆனால் உண்மையைச் சொல்லிவிட்டு இரு. இல்லையென்றால் வந்துவிடு. விமானநிலையத்துக்கு நான் ஒருத்தி வந்தால் போதும் என்றால், நான் ஒருத்தி மட்டும் வருகிறேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
ஆஷா.

பி.கு. வியாழக்கிழமை.

இதை உறையில் போட்டு, உன் பழைய முகவரியை எழுதி, தபாலில் சேர்க்காமல் பையிலேயே வைத்திருந்தேன். இங்கே நடந்ததை உனக்கு யாராவது சொன்னார்களா என்று தெரியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் மாமா அந்தப் போட்டோவை உனக்கு அனுப்பினார். “அது டூப்ளிகேட் இல்லத்தா. என்னோடது” என்று நீ பதில் எழுதினாய். நான் அப்போது யூனிட்டில்தான் இருந்தேன். மாமா அதை இரண்டு முறை படித்தார். பிரிண்ட் ஓடிக்கொண்டிருந்த டேபிளை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். என்னவோ ஏதோ என்று நானும் பின்னாலேயே போனேன். அம்மாவிடம் போனை நீட்டினார். அம்மா கண்ணாடிகூடப் போடவில்லை. “அன்னைக்கே தெரியுமுங்க. அரக்குக் கழுத்து. அவ பொட்டியில மடிச்சு வெச்சது நான்தானுங்களே” என்றார். அப்போதே ஏன் சொல்லவில்லை என்று மாமா கத்தினார். “நீங்க டூப்ளிகேட்டுன்னீங்க. அப்படியே இருந்துட்டாத் தேவலைன்னு நெனச்சேன்” என்றார் அம்மா.

பிறகு அம்மா கதவைச் சாத்திக்கொண்டு உன்னோடு பேசினார். என்ன பேசினீர்கள் என்று அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. உன் புது முகவரியை மட்டும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். உறையில் பழையதை அடித்துவிட்டு அதை எழுதியிருக்கிறேன்.

பையருக்கு மெயில் வேண்டாம் என்று மாமா சொல்லிவிட்டார். இன்று காலை ஆதிப்பும் பொன்னுச்சாமி அண்ணனும் உன் அறையிலிருந்த பெட்டிகளை எல்லாம் கீழே இறக்கி, வண்டியில் ஏற்றி, யூனிட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.